பரணில் கிடக்கும் பழைய பட்டாளத் துப்பாக்கி: கை வைக்கும் முன்னும் பின்னும்

பழைய தோட்டத்து வீட்டைப் பிரிக்கும்போதோ, பெரியவர் காலமான பிறகு அவருடைய பீரோவைத் திறக்கும்போதோ, சாக்கில் சுற்றிய நீளத் துப்பாக்கி ஒன்று கைக்கு வரலாம். வந்ததும் பெரும்பாலானவர்களுக்குத் தோன்றுவது ஒன்றுதான்: தோளில் வைத்துக் குறிபார்த்து ட்ரிகரை ஒருமுறை அழுத்திப் பார்ப்பது. அதைத்தான் செய்யக் கூடாது. நல்ல முறையில் அடைத்த .303 பட்டாளத் தோட்டா எண்பது வருடம் கழித்தும் வெடிக்கும். துரு ஏறியிருக்கிறது, பழையது, ஒன்றும் ஆகாது என்ற நினைப்புதான் வீட்டுக்குள் நடக்கும் விபத்துக்குக் காரணம்.

உரிமம் இல்லாதவர் என்றால் உங்கள் வேலை சுலபம். துப்பாக்கி கிடந்த இடத்திலேயே கிடக்கட்டும். குழல் வாய்க்கு எதிரே யாரும் நிற்க வேண்டாம். அறையைப் பூட்டிவிட்டு காவல் நிலையத்துக்குப் போன் செய்து அவர்களையே வரச் சொல்லுங்கள். பைக்கில் வைத்தோ பஸ்ஸில் ஏற்றியோ நீங்களே கொண்டுபோகாதீர்கள். கொடுக்கத்தான் போனோம் என்பதை வழியில் சோதனைச் சாவடியில் நிரூபிப்பது கடினம். ஒப்படைத்ததற்கு ரசீது வாங்குங்கள். அதில் துப்பாக்கியின் எண்ணும் தோட்டாக்களின் எண்ணிக்கையும் இருக்க வேண்டும்.

இனி வருவது உரிமம் உள்ளவர்களுக்கு: பன்றி விரட்ட .315 ரைபிள் வைத்திருக்கும் விவசாயி, ரைபிள் கிளப்பில் சுடுபவர், ஆயுதக் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்திருப்பவர்.

வெறுமையாக்கும் முறை

குழல் வாயை மண் மேட்டுப் பக்கமோ, மணல் மூட்டைப் பக்கமோ திருப்புங்கள். கான்கிரீட் சுவர், கருங்கல் தரை இரண்டும் வேண்டாம்; குண்டு சிதறித் திரும்பும். விரல் ட்ரிகர் வளையத்துக்கு வெளியே, கட்டையோடு ஒட்டி நீண்டிருக்க வேண்டும்.

.303 தோட்டா போடும் லீ-என்ஃபீல்ட் வகையில் ஒரு சிக்கல் உண்டு. இடப்பக்கம் பின்னால் இருக்கும் சேஃப்டி நெம்பைப் பின்னுக்குத் தள்ளினால் பாதுகாப்பு. முன்னுக்குத் தள்ளினால் சுடும் நிலை. பாதுகாப்பு நிலையில் போல்ட்டும் (குழலின் பின்வாயை மூடித் திறக்கும் இரும்புத் தண்டு) பூட்டிக்கொள்ளும். ஆகவே திறந்து பார்க்க வேண்டும் என்றாலே சேஃப்டியை எடுத்தாக வேண்டும். திறக்கவில்லையே என்று போல்ட் கைப்பிடியைக் கட்டையால் தட்டுகிறவர்கள் இதை அறியாதவர்கள். மவுசர் 98 என்ற ஜெர்மன் துப்பாக்கி வேறு மாதிரி. அதன் பின்புறச் சிறகு இடப்பக்கம் சாய்ந்தால் சுடும், நடுவில் நின்றால் பாதுகாப்போடு போல்ட் திறக்கும், வலப்பக்கம் சாய்ந்தால் இரண்டும் பூட்டு. மவுசரை நடுநிலையில் வைத்தே வெறுமையாக்கலாம். லீ-என்ஃபீல்டில் அந்த வசதி இல்லை. அதனால் திசையும் விரலும் முதலில் சரியாக வேண்டும்.

அடுத்து மேகசினை, அதாவது தோட்டாப் பெட்டியை, கழற்றுங்கள். ட்ரிகர் வளையத்துக்குள், ட்ரிகருக்கு முன்னால் உள்ள கொக்கியை மேலே அழுத்தினால் கையோடு வரும். மேகசினை உள்ளே விட்டுவிட்டுப் போல்ட்டை முன்னும் பின்னும் இழுத்துத் தோட்டாக்களை ஒவ்வொன்றாகக் கக்க வைக்காதீர்கள். ஒவ்வொரு இழுப்பிலும் ஒரு தோட்டா சேம்பருக்குள் (குழலின் பின்புறம் தோட்டா உட்காரும் இடம்) போய்த்தான் வெளியே வரும். மேகசின் போன பிறகு போல்ட் கைப்பிடியை மேலே தூக்கி முழுதும் பின்னுக்கு இழுங்கள். சேம்பரில் தோட்டா இருந்தால் வலப்பக்கம் விழும். கண்ணால் பாருங்கள், பிறகு சுண்டு விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். இருட்டு அறையில் கண் ஏமாற்றும், விரல் ஏமாற்றாது.

லீ-என்ஃபீல்டின் பழைய மார்க் 3 மாடலில் வலப்பக்கம் ஒரு தட்டையான இரும்புத் தகடு இருக்கும். மேகசின் கட்-ஆஃப் என்பார்கள். அது உள்ளே தள்ளியிருந்தால் மேகசினுக்கு மூடி போட்ட மாதிரி. போல்ட் எத்தனை முறை ஓடினாலும் தோட்டா ஏறாது; துப்பாக்கி காலி என்றே தோன்றும். தகட்டை யாராவது வெளியே இழுத்த அடுத்த கணம் பத்துத் தோட்டாவும் தயார். முதல் உலகப் போரின் நடுவே, 1916-ல் வந்த நட்சத்திரக் குறியிட்ட மார்க் 3-ல் செலவு குறைக்க இந்தத் தகட்டை விட்டுவிட்டார்கள். இருக்கிறதா இல்லையா என்பதை ஒவ்வொரு துப்பாக்கியிலும் தனியாகப் பார்க்க வேண்டும்.

வேலை முடிந்ததும் போல்ட் திறந்தே இருக்கட்டும். ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்கு மாறும்போதும் திறந்தே மாறட்டும். சேம்பரில் தோட்டா இருக்க, காக்கிங் பீஸ் (ஊசியோடு சேர்ந்த போல்ட்டின் பின்முனை) முன்னால் இறங்கிய நிலையில் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு நடப்பது மிக மோசமான பழக்கம். ஊசி நேரே ப்ரைமரை (தோட்டாவின் அடியில் உள்ள பற்றவைக்கும் மூடியை) தொட்டுக்கொண்டிருக்கும். பின்னால் ஒரு அடி விழுந்தாலே போதும்.

சட்டமும் எல்லையும்

.303, 7.62 மி.மீ. பட்டாளத் தோட்டா ஏறும் போல்ட் ரைபிள்கள் இந்திய ஆயுத விதிகளில் தடை செய்யப்பட்ட வகை. .410 மஸ்கட்டும் அதே பட்டியல்தான். போலீசுக்கும் காவலாளிகளுக்கும் என்று .303-ஐ குழலுக்குள் மரை (சுழல் வரி) இல்லாத ஒற்றைத் தோட்டாத் துப்பாக்கியாக மாற்றியவை அவை. பார்ப்பதற்கு சாதாரண .410 ஷாட்கன் போல என்று ஏமாறாதீர்கள். தடை வகையை உரிமமின்றி வைத்திருந்தால், 2019 திருத்தத்துக்குப் பின் குறைந்தது 7 ஆண்டு, அதிகபட்சம் 14 ஆண்டு சிறை.

பழம்பொருள்தானே, சுவரில் மாட்டலாமே என்று கேட்பவர்கள் உண்டு. 1959 ஆயுதச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு விலக்கு தருவது, பழுது பார்த்தாலும் சுட முடியாத நிலையில் உள்ள பழைய ஆயுதத்துக்கு. ஊசி மட்டும் இல்லாத .303 அந்த விலக்குக்குள் வராது.

அப்பா பெயரிலிருந்த உரிமம் மகனுக்குத் தானாக மாறாது. உரிமதாரர் இறந்தவுடன், தாமதிக்காமல் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைத்துவிட்டு, பிறகு வாரிசு தன் பெயரில் விண்ணப்பிக்க வேண்டும். ஒருவர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்க முடியாது என்பதும் 2019 திருத்தம்தான்.

பாலக்காட்டின் கிழக்கே, கேரள-தமிழ்நாடு எல்லையில் இருப்பவர்கள் உரிமப் புத்தகத்தில் கட்டாயம் பார்க்க வேண்டியது, எந்தப் பகுதிக்குச் செல்லும் என்ற கட்டம். கேரளத்துக்கு மட்டும் என்று எழுதியிருந்தால் வேலந்தாவளம் பாலத்தைத் தாண்டிக் கோவைக்குப் பழுது பார்க்கக் கொண்டுபோவதே குற்றம். நிலம் இரண்டு மாநிலத்திலும் இருக்கிறது என்பது காரணம் ஆகாது. பகுதியை விரிவாக்க முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். 2022 மே மாதம் காட்டுப்பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரத்தைக் கேரள அரசு உள்ளாட்சித் தலைவர்களுக்குக் கொடுத்தது. அந்த உத்தரவும் எல்லைக் கல் வரைதான். எல்லையோர வடகரப்பதியில் அடிபட்ட பன்றி தமிழ்நாட்டுக் கரும்புக்குள் ஓடினால் அங்கே நின்றுவிடுங்கள்.

இரும்பில் எழுதியிருப்பதைப் படிப்பது

லீ-என்ஃபீல்டின் வரலாறு அதன் கழுத்தில் இருக்கிறது. கட்டையும் இரும்பும் சேரும் இடத்தில், போல்ட் கைப்பிடிக்குக் கீழே, வலப்பக்கம் ஒரு இரும்பு வளையம் உண்டு. கிரீடம், அதன் கீழ் ஜி.ஆர்.ஐ. (ஜார்ஜ் மன்னரின் முத்திரை) என்ற எழுத்துகள், இஷாப்பூர் என்ற பெயர், ஆண்டு, பிறகு மாடலின் எண் என்று வரிசையாகப் பொறித்திருக்கும். மேற்கு வங்கத்து இஷாப்பூர் ஆலை வெள்ளையர் காலத்திலிருந்தே இந்தத் துப்பாக்கியைச் செய்த இடம். குடியரசான பிறகு கிரீடத்தின் இடத்தில் அசோகச் சிங்கம் வந்தது.

இந்த இயந்திரத்தின் பெயரில் பாதி ஜேம்ஸ் பாரிஸ் லீ என்பவருடையது. போல்ட்டும் மேகசினும் அவர் வடிவமைப்பு. 1888-ல் லீ-மெட்ஃபோர்ட் என்று வந்தபோது குழலின் மரை ஆழமில்லாமல் வழவழப்பாக இருந்தது, கரிமருந்துக்கு ஏற்றபடி. புகையில்லாத கார்டைட் மருந்து வந்ததும் அதன் சூட்டில் அந்த மரை சீக்கிரம் தேய்ந்தது. என்ஃபீல்ட் ஆலை ஆழமான ஐந்து வரி மரையைக் கொண்டுவந்தது 1895-ல். போயர் போரின் பாடத்தால் காலாட்படைக்கும் குதிரைப் படைக்கும் ஒரே நீளம் என்று குழலைக் குறுக்கினார்கள், 25.2 அங்குலம். 1907-ல் மார்க் 3. நம் ஊரில் என்.சி.சி. பையன்கள் "த்ரீ நாட் த்ரீ" என்று தூக்கி நடந்தது பெரும்பாலும் இந்தக் குடும்பத்தைத்தான். 1962 சீனப் போருக்குப் பிறகு அதே இயந்திரத்தை 7.62 மி.மீ. தோட்டாவுக்கு மாற்றி 2ஏ, 2ஏ1 என்று இஷாப்பூர் செய்தது. 2ஏ1-ன் பின் குறி 800 மீட்டரோடு நிற்கும், 2ஏ-யில் 2000 வரை போகும். உத்தரப் பிரதேசப் போலீஸ் .303-க்கு விடை கொடுத்தது 2020 குடியரசு தினத்தில்.

பாதுகாப்புக்கு இந்த எழுத்துகளில் மூன்று முக்கியம்.

டி.பி. என்று பொறித்து, கட்டையில் வெள்ளை வளையம் தீட்டியிருந்தால் அது பயிற்சி நடைக்கு மட்டும் ஆனது. சேம்பரில் ஓட்டை போட்டிருப்பார்கள், ஊசியை வெட்டியிருப்பார்கள். அப்படி வெட்டாததுகூட தேறாது என்று ஒதுக்கப்பட்டதுதான். ஊசி மாற்றினால் சுடும் என்று சொல்பவர் பேச்சைக் கேட்டால் முகம் போகும்.

இ.ஒய். என்றால் அவசரத்துக்கு மட்டும். முன்கட்டை மேல் செப்புக் கம்பி நெருக்கமாகச் சுற்றியிருந்தால் அது கையெறி குண்டு வீசப் பயன்பட்டது. அந்த உதை உடம்பெல்லாம் வாங்கியிருக்கும் என்பதால் சாதாரணக் குண்டு உள்ள தோட்டா போடக் கூடாது.

மூன்றாவது, போலிகள். வடமேற்கு எல்லைப் பட்டறைகளில் ரயில் இரும்பு போன்ற கிடைத்த இரும்பில் அடித்தவை எழுத்தில் மாட்டிக்கொள்ளும்: திரும்பிப்போன எழுத்து, இடம் மாறிய கிரீடம். விக்டோரியா மகாராணி இறந்தது 1901 ஜனவரியில். வி.ஆர். என்ற அவருடைய முத்திரையோடு 1910 என்று ஆண்டு இருந்தால் அது எந்த அரசு ஆலையும் செய்ததில்லை. அதைச் சுடுவது பற்றி யோசிக்கவே வேண்டாம்.

உரிமத்தில் வாங்கக்கூடிய .30-06 வகையில் அமெரிக்கப் பழைய ஸ்பிரிங்ஃபீல்ட் 1903 கண்ணில் பட்டால் எண்ணைப் பாருங்கள். ஸ்பிரிங்ஃபீல்ட் ஆலையில் 8,00,000-க்குக் கீழ், ராக் ஐலண்ட் ஆலையில் 2,85,507-க்குக் கீழ் உள்ளவற்றில் சிலவற்றின் இரும்பு பதம் ஏற்றும்போது அதிகச் சூட்டில் எரிந்து நொறுங்கும் தன்மை பெற்றது. வெளியே எந்த அடையாளமும் தெரியாது.

போல்ட்டும் விளிம்பு இடைவெளியும்

பழைய துப்பாக்கியைக் கெடுப்பது வயதைவிடக் கலப்படம். போல்ட் கைப்பிடியின் பின்புறம் உள்ள எண்ணும் உடம்பின் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். கிடங்கில் பத்துத் துப்பாக்கியைப் பிரித்துத் துடைத்துத் திரும்ப மாட்டும்போது மாறிப்போவது சகஜம். ஒவ்வொரு போல்ட்டின் பூட்டுக் காதும் (போல்ட்டை உடம்போடு பூட்டும் புடைப்பு) அந்தந்த உடம்போடு தேய்ந்து பொருந்தியது. வேறொன்றில் போட்டால் ஒரு காது மட்டும் பாரம் தாங்கும்.

.303 தோட்டா சேம்பரில் நிற்பது அதன் அடிப்பகுதி விளிம்பால். போல்ட் முகத்துக்கும் குழலுக்கும் நடுவே விளிம்புக்கு விடும் இடம் கூடினால், வெடிக்கும்போது கூட்டின் முன்பகுதி சுவரைப் பிடித்துக்கொள்ள, அடிப்பகுதி பின்னுக்கு நகர்ந்து, பித்தளை நீண்டு, விளிம்புக்குச் சற்று மேலே அறுபடும். அறுந்த வழியே வாயு முகத்தை நோக்கி வரும். இதை அளக்க இரண்டு கேஜ்: 0.064 அங்குலக் கேஜின் மேல் போல்ட் மூட வேண்டும், 0.074 மேல் மூடக் கூடாது. எக்ஸ்ட்ராக்டரை (கூட்டை வெளியே இழுக்கும் கொக்கியை) கழற்றிவிட்டு, ஒற்றை விரல் பலத்தில் மட்டும் மூடிப் பார்க்க வேண்டும். அழுத்தினால் எந்தக் கேஜ் மேலும் மூடும். மார்க் 3-க்குப் பின் வந்த நம்பர் 4 துப்பாக்கியில் 0 முதல் 3 வரை அளவிட்ட போல்ட் தலைகள் உண்டு. மாற்றுவது ஆயுத மெக்கானிக் வேலை.

கேஜ் இல்லாதவர் சுட்ட கூட்டைப் பாருங்கள். விளிம்புக்கு ஒரு சென்டிமீட்டர் மேலே சுற்றிலும் பளபளவென்று ஒரு வளையம் தெரிந்தால் அடுத்த தோட்டா அறுபடும் இடம் அதுதான். நிறுத்திவிடுங்கள்.

துடைப்பதற்குப் போல்ட்டைக் கழற்ற, அதைப் பின்னுக்கு இழுத்துப் போல்ட் தலையை மேலே தூக்கி விடுவித்து உருவ வேண்டும். திரும்பப் போடும்போது தலை முழுதும் திருகியிருக்கிறதா, காதோடு நேராக நிற்கிறதா என்று பார்த்த பிறகே உள்ளே விடுங்கள்.

.315, தோட்டா, சுடும்போது

பட்டாளத் தோட்டா மக்கள் கையில் போகக் கூடாது என்ற தடையால்தான் .315 நம் ஊரில் வேரூன்றியது. அது ஆஸ்திரியா-ஹங்கேரிப் படையின் பழைய 8 மி.மீ. மான்லிக்கர் தோட்டா. .303-க்குப் பதில் இது, இதற்குப் பதில் அது என்று மாற்றிப் போடவே கூடாது. கூட்டின் நீளம் வேறு, குண்டின் தடிமன் வேறு.

விளிம்புத் தோட்டாவை மேகசினில் அடுக்கும்போது மேலே உள்ளதன் விளிம்பு கீழே உள்ளதன் விளிம்புக்கு முன்னால் இருக்க வேண்டும். பின்னால் சிக்கினால் போல்ட் தள்ளும்போது இரண்டும் கொக்கி போட்டுக்கொண்டு நின்றுவிடும். அந்த நேரத்தில் பலம் போடாமல் மேகசினைக் கழற்றுங்கள்.

சேம்பரும் தோட்டாவும் காய்ந்திருக்க வேண்டும். எண்ணெய்ப் பசையோ மழை ஈரமோ இருந்தால் கூடு சுவரைப் பிடிக்காது. முழு உதையும் போல்ட்டில் இறங்கும். லீ-என்ஃபீல்டின் பூட்டுக் காதுகள் பின்பக்கம் இருப்பதால் இது இன்னும் கெடுதல்.

ட்ரிகரை அழுத்தியும் வெடிக்கவில்லை என்றால் குழலை அதே திசையில் வைத்துக் குறைந்தது 30 விநாடி காத்திருங்கள். பழைய தோட்டா என்றால் 1 நிமிடம். பிறகு முகத்தை விலக்கி வைத்துக்கொண்டு திறங்கள். சத்தம் குறைவாக, 'டப்' என்று மட்டும் கேட்டால் குண்டு குழலுக்குள் நின்றிருக்கலாம். அடுத்த தோட்டா போடும் முன் போல்ட்டை உருவிவிட்டுக் குழல் வழியே வெளிச்சம் பாருங்கள். இதைச் செய்யாமல் போனதுதான் குழல் பிளந்த கதை எல்லாவற்றிலும்.

கிழக்குப் பாலக்காடு சமநிலம். .303 குண்டு 3 கி.மீ. வரை போகும், .315-ம் வெகுதூரம் போகும். பன்றிக்குப் பின்னால் மண்வரப்போ ஏரிக்கரையோ இல்லை என்றால் அந்தப் பன்றியை விட்டுவிடுங்கள்.

துடைப்பு

இதில்தான் பெரும்பாலான நல்ல குழல்கள் போகின்றன. பழைய பட்டாளத் தோட்டாவின் ப்ரைமரில் பொட்டாசியம் குளோரேட் இருக்கும். வெடித்தபின் அது பொட்டாசியம் குளோரைடு, அதாவது ஒருவகை உப்பு. காற்றின் ஈரத்தை இழுத்துக் குழலைத் துருவாக்கும். உப்பு எண்ணெயில் கரையாது, தண்ணீரில்தான் கரையும். சுட்டதும் எண்ணெய் விட்டு வைப்பவர் உப்பை எண்ணெய்க்கு அடியில் மூடி வைக்கிறார். ஜூன் மாதம் பாலக்காட்டுக் கணவாய் வழியே ஈரக்காற்று அடிக்கும்போது ஒரே இரவில் குழல் சிவக்கும்.

சுட்ட அன்றே போல்ட்டை உருவி, குழல் வாயைக் கீழே வைத்து, சேம்பர் வழியே புனல் வைத்துக் கொதிநீர் அரை லிட்டர் முதல் முக்கால் லிட்டர் வரை ஊற்றுங்கள். கட்டைக்குள் நீர் இறங்காமல் பாருங்கள். குழல் சூடாகிவிடுவதால் தானே காயும். பிறகு 4-க்கு 2 அங்குலத் துணி ஐந்தாறு, கறை வராத வரை. கடைசியாக மெல்லிய எண்ணெய். மறுநாளும் அதற்கடுத்த இரண்டு நாளும் துணி விட்டுப் பாருங்கள். போல்ட் முகத்தையும் அதே கொதிநீரில் துடைக்க மறக்காதீர்கள்.

குழல் துடைக்கும் புல்-த்ரூ கயிற்றைப் பித்தளை எடை முதலில் போகச் சேம்பர் பக்கமிருந்து விட்டு, குழல் வாய் வழியே நேராக இழுக்க வேண்டும். சாய்த்து இழுத்தால் கயிறே வாயின் ஓரத்தைத் தேய்த்துவிடும், குறி கெடும். நைந்த கயிறு உள்ளே அறுந்தால் சுட்டு வெளியேற்றலாம் என்று யாராவது சொல்வார்கள். குழலைப் பிளக்க அது ஒன்று போதும்.

தேங்காய் எண்ணெய் வேண்டாம். நாளாக நாளாகக் காறிப் பிசினாகி ஊசியின் பாதையை அடைக்கும். ஊசி மெதுவாக விழும், சில நேரம் முன்னாலேயே ஒட்டிக்கொள்ளும். அது முன்னால் ஒட்டிய நிலையில் போல்ட்டை மூடினால் ட்ரிகரைத் தொடாமலே வெடிக்கலாம். தையல் மெஷின் எண்ணெய் போதும்.

கட்டையும் வைப்பிடமும்

மார்க் 3-ல் ட்ரிகர் தொங்குவது வளையத் தகட்டில், உடம்பில் அல்ல. மார்கழி, தை மாதத்து வறண்ட கிழக்குக் காற்றில் கட்டை சுருங்கினால் ட்ரிகரின் இரண்டு கட்ட இழுப்பு மாறும்; மழைக்காலத்தில் உப்பினால் மறுபடி மாறும். ஆகவே வருடத்துக்கு இரண்டு தடவை, வெறுமையாக்கிய துப்பாக்கியைக் காக் செய்து, பலகை மேல் அரை அடி உயரத்திலிருந்து கட்டையின் அடியை இடித்துப் பாருங்கள். காக்கிங் பீஸ் தானே விழுந்தால் சுட வேண்டாம், மெக்கானிக்கிடம் போகட்டும்.

பின்கட்டையைக் கழற்ற நினைப்பவர் முதலில் முன்கட்டையைக் கழற்ற வேண்டும். பின்கட்டையைப் பிடிக்கும் நீளத் திருகாணியின் சதுர முனை முன்கட்டையில் உள்ள தகட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறது. வரிசை மாறித் திருகினால் நூறு வருட மரம் ஒரு நொடியில் பிளக்கும். மரத்துக்கு ஆளிவிதை எண்ணெய் நல்லது. தேய்த்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள். தானே சூடேறித் தீப்பிடிக்கும். நீரில் நனைத்து, விரித்துக் காயப்போடுங்கள்.

தோல் உறை அழகாக இருக்கும், ஆனால் பதனிட்ட உப்பும் ஈரமும் அதில் இருக்கும். துப்பாக்கியைத் தோலுறைக்குள் வைத்தே பருவமழையைக் கழிக்காதீர்கள். பூட்டிய இரும்பு பீரோவில், குழல் வாய் சற்றுக் கீழாகச் சாய்த்து, சிலிக்கா ஜெல் பையோடு வையுங்கள். எண்ணெய் கட்டைக்குள் இறங்காது. போல்ட் வேறொரு பூட்டில், தோட்டா மூன்றாவது பூட்டில்.

தோட்டா எங்கே என்பதிலும் ஒரு பழைய பாடம் இருக்கிறது. வெள்ளையர் காலத்தில் இந்தியாவில் மழைக்காலத்தில் குதிரை லாயத்தை ஒட்டி வைத்த தோட்டாக் கூடுகள் காரணமில்லாமல் விரிசல் விட்டன. லாயத்திலிருந்து எழும் அமோனியாவும், கூட்டை இழுத்து உருவாக்கும்போது பித்தளையில் தங்கிய இறுக்கமும் சேர்ந்து செய்த வேலை அது என்று 1921-ல் விளக்கம் கிடைத்தது. மாட்டுத் தொழுவத்தை ஒட்டிய அறையும், யூரியா மூட்டை அடுக்கிய அறையும் அதே லாயம்தான். கழுத்தில் மயிரிழை விரிசலோ பச்சைப் பூச்சோ கண்ட தோட்டாவைக் கிணற்றில் போடாதீர்கள், குப்பையோடு எரிக்காதீர்கள். எண்ணி, உரிமப் புத்தகத்தில் உள்ள கணக்கோடு ஒத்துப் பார்த்து, காவல் நிலையத்திலோ வியாபாரியிடமோ ஒப்படைத்து ரசீதைப் புத்தகத்தோடு சேர்த்துக் கட்டி வையுங்கள்.